குளிர் அறையில் ஒரு கரிச்சட்டி

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் இடது கை கழன்று வரும், இன்ஸ்பெக்டர். அதில் பாரம் போடாதீர்கள் என்று சொல்லலாம். சொல்லவில்லை. நினைத்ததை உடனே சொல்லிவிடுகிற ஆள் இல்லை நான். நினைப்பு தன் பாட்டில் ஓடும், வாய் தன் பாட்டில் மூடியிருக்கும். வெள்ளைச் சேலையோடு தலை குனிந்து உங்கள் முன்னால் இருக்கிறேனே, இந்த நேரம் முழுவதும் உள்ளுக்குள் உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்டதற்கும் கேட்காததற்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். உங்கள் காதில் விழவில்லை என்பது ஒன்றுதான் குறை.

"ஒரே ஒரு கேள்விதாம்மா. அவசரமில்ல. தேத்தண்ணி குடிச்சிட்டே பேசலாம் லா," என்கிறீர்கள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறீர்கள். மரியாதையான ஆள். பாலகிருஷ்ணன் என்று பெயர் சொன்னீர்கள்.

உங்கள் கேள்வி இருளாண்டியைப் பற்றியது. இந்தத் தோட்டத்து எஞ்சின் வேலைக்காரன். என் கணவர் கனகரட்ணத்தை, இந்தத் தோட்டத்து அலுவலகத்தின் தலைமைக் கணக்கரான பெரிய கிராணியாரை, அவன்தான் கொன்றான் என்று உங்கள் லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள். நாளைக் காலை லாரியில் ஏற்றித் தடுப்பு முகாமுக்கு அனுப்புவீர்கள். அங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்கு. அவசரகாலச் சட்டத்தில் இதற்கு வழக்கும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம், சந்தேகம் போதும். அவன் இந்தத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன். இந்தியாவில் அவனுக்கு யாரையும் தெரியாது. அவன் மனைவி காளியம்மா விடிந்ததிலிருந்து என் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

இருளாண்டி அதைச் செய்யவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்பதை முதலிலிருந்து முறையாகச் சொல்கிறேன்.

துரை பங்களாவில் பழசாகிற பொருளெல்லாம் மேட்டிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்குத்தான் வரும். நீங்கள் இருக்கும் நாற்காலி அப்படி வந்ததுதான். ஒரு கம்பளிக் கோட்டு வந்தது. மேஜர் என்று ஒரு கிழட்டு நாய் வந்தது. துரையின் மனைவி மட்டும்தான் இன்னும் இறங்கி வரவில்லை என்று கள்ளுக்கடையில் சிரிப்பார்களாம். என் கணவருக்கு இதில் வெட்கமில்லை. துரை தொட்ட பொருள் என்றால் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்குவார்.

போன வருடம் துரை சிங்கப்பூரிலிருந்து புதுக் குளிர்ப்பெட்டி வரவழைத்தார். பழையது எங்களுக்கு வந்தது. அறையைக் குளிர வைக்க ஜன்னலில் பொருத்துகிற பெட்டி. ஆட்கள் தோளில் சுமந்து இறக்கினார்கள்.

"என்னா சாமி இது, பொணக் கனம் கனக்குது," என்றான் இருளாண்டி.

"வாயைக் கழுவடா," என்றார் இவர்.

மின்சாரத்துக்கு நாங்கள் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இராச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். இவர்கள் காட்டிலிருந்து வந்து சுடத் தொடங்கியபிறகு தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது. கம்பிக்கு விளக்கு வந்தது. பகலில் ஓடிய எஞ்சின் விளக்குக்காக விடிய விடியவும் ஓடியது. இந்தச் சண்டையால் குளிர் காய்ந்தவர் மலாக்கா மாநிலத்திலேயே என் கணவர் ஒருவர்தான்.

ஆனால் பெட்டி ஓடியதே தவிர அறை குளிரவில்லை. கிராணி வீடு பலகை வீடு. வெக்கை தங்கக்கூடாது என்று பலகைக்குப் பலகை இடைவெளி விட்டுக் கட்டியது. கூரைக்குக் கீழே கம்பி வலை, தரையில் விரல் நுழைகிற சந்து. பெட்டி கக்கிய குளிரெல்லாம் கோழிக்கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கோழிகள் நன்றாக முட்டையிட்டன. இவர் பொறுப்பாரா?

அறையை அடைக்கச் சொன்னார். ரப்பர் தோட்டத்தில் ஓட்டை அடைக்கப் பொருளுக்கா பஞ்சம். ஒட்டுப்பாலைக் கயிறாகத் திரித்துச் சந்துகளில் திணித்தான் இருளாண்டி. மேலே பழைய துணியை வைத்து, மரத்திலிருந்து இறக்கிய பாலைத் தென்னைமட்டைத் தூரிகையால் பூசினான். காய்ந்ததும் தோல் மாதிரி பிடித்துக்கொண்டது. ஜன்னல்களுக்கு வெளியே ஏற்கெனவே குண்டு துளைக்காத இரும்புத் தகடு இருந்தது. அறை முட்டைக்குள் இருப்பதுபோல் ஆகிவிட்டது. குளிர் உள்ளேயே தங்கியது. கூடவே ரப்பர் நாற்றமும் தங்கியது. வந்தவர்கள் யாரும் மூக்கைப் பிடித்ததில்லை. பெரிய கிராணியார் வீட்டு நாற்றம் அல்லவா.

பாச்சாங்கிலிருந்து ஒரு சீன மெக்கானிக் வந்து பெட்டியைச் சரிபார்த்தார். பெட்டிக்குப் பக்கவாட்டில் வெளிக்காற்று வருவதற்கு ஒரு துவாரமும், அதைத் திறந்து மூட ஒரு சின்னத் தகடும் உண்டு. அதைத் திறந்து வைத்துவிட்டு, "ஜாஙான் துதூப். துதூப், ஆஙின் மாத்தி," என்றார். மூட வேண்டாம், மூடினால் காற்று செத்துப்போகும். சந்தை மலாயில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அந்தத் தகட்டை மட்டும் இவர் அடைக்கச் சொல்லவில்லை. துரை வீட்டில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்பது இவர் கொள்கை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். நீங்கள் கேட்கப்போவது இதைத்தான்.

பிறகு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். செலண்டார் பள்ளிக்கூடத்துக் குலம் மாஸ்டர், மெர்லிமாவ் போஸ்ட்மாஸ்டர், எல்லாரும் எங்களைப் போல யாழ்ப்பாணத்து ஆட்கள். அறைக்குள் வரிசையாக உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்குவார்கள்.

"எப்பிடி மாஸ்டர்? நுவரெலியா மாதிரி இல்லையோ?"

"மாதிரியோ? அதைவிடத் திறம்," என்பார் குலம் மாஸ்டர். அவர் இலங்கை மலையில் இருக்கும் நுவரெலியாவைக் கண்ணால் கண்டதில்லை. என் கணவரும் கண்டதில்லை.

நான் வாசல்வரை வந்து தேத்தண்ணித் தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். உள்ளே வர எனக்கு அனுமதி இல்லை. "ஆள் கூடினா குளிர் குறைஞ்சுபோம். உமக்கு உதெல்லாம் விளங்காது, சின்னாச்சி," என்றார். மேஜருக்கு அனுமதி உண்டு. அது துரை வீட்டு நாய். பெட்டிக்கு நேர் கீழே தரையில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்திருக்கும். நான் குசினிக்குப் பக்கத்து அறையில், அடுப்புச் சுவரில் முதுகை வைத்துப் படுத்தேன்.

ஆனால் பெட்டியைப் பராமரிப்பது என் வேலை. முன்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் வலையைத் தூசு போகக் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்ட வேண்டும். பெட்டியில் சொட்டுகிற தண்ணீரை டின்னில் பிடித்துக் கொட்ட வேண்டும். சுவரில் பால் எங்கே வெடித்திருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்து மறுபடியும் பூச வேண்டும். இருளாண்டி எப்போதாவது வந்து விசிறிக்கு எண்ணெய் விடுவான். மற்றதெல்லாம் நான். இவர் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், ஆள் கணக்கெடுத்துவிட்டு அப்படியே அலுவலகம் போய்விடுவார். அந்த நேரத்தில் நான் உள்ளே போவேன். வலையைக் கழுவி மாட்டிவிட்டு, சரியாக ஓடுகிறதா பார்க்க வேண்டாமா? பெட்டியைப் போட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்காருவேன்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். நான் மலாயாவுக்கு வந்த நாளிலிருந்து யோசித்ததே இல்லை என்பது அந்தக் கட்டில் விளிம்பில்தான் எனக்குத் தெரிந்தது. வியர்வை ஒருவரை யோசிக்க விடாது. ஒரு நினைப்பு தலை நீட்டும், உடனே முதுகில் ஒரு துளி இறங்கும். அதைத் துடைத்து முடிப்பதற்குள் நினைப்பு போய்விடும். குளிரில் அப்படி இல்லை. ஒரு நினைப்பு வந்தால் அது உட்கார்ந்து, காலை நீட்டி, தன் கதையை முழுவதும் சொல்லிவிட்டுத்தான் போகும். முதலில் வந்த முழு நினைப்பு, எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பிடிக்கும் என்று சமைத்துத் தின்று வந்திருக்கிறேன். அடுத்து வந்தது, எனக்கு இவரைப் பிடிக்காது என்பது. இரண்டும் ஒரே அமைதியோடுதான் வந்தன. எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. கத்தரிக்காயைப் பற்றித்தான் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

ஒருநாள் இவர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். அறை குளிர்ந்திருந்தது.

"ஆர் போட்டது?"

"நான்தான். துடைச்சுப்போட்டு ஒழுங்கா ஓடுதோ எண்டு பாத்தன்."

"பாத்தது காணும்."

பெட்டியின் திருகுக் குமிழைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்தது. வாயால் ஊதித் தூசு தட்டி, சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் குமிழ் அவரோடு அலுவலகம் போய் அவரோடு வீட்டுக்கு வந்தது. வந்ததும் மாட்டுவார், போகும்போது கழற்றுவார். நான் வலையைக் கழுவிக்கொண்டுதான் இருந்தேன். டின்னைக் கொட்டிக்கொண்டுதான் இருந்தேன். குளிர் மட்டும் இல்லை.

ஒரு குமிழுக்காகவா என்று உங்கள் முகம் கேட்கும். அவர் என்னை அடித்தார், குடித்தார், வேறொருத்தியை வைத்திருந்தார் என்று சொன்னால் உங்களுக்கு வசதியாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. ஒழுக்கமான மனிதர். என் தலையைத் திறந்து அதிலிருந்து எதையோ எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார், அவ்வளவுதான். அதைக் குமிழ் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கரிச்சட்டி அவர் யோசனை. என் யோசனை இல்லை. குமிழைக் கடைசி வரை திருகி வைத்துக்கொண்டு படுப்பார். இரண்டு மாதத்தில் மூட்டுக்கு மூட்டு வலி, மூக்கில் ஓயாத நீர். குறைத்து வைக்கலாமே என்றால், துரை அப்படித்தான் வைப்பாராம். அலுவலகச் சுவரில் ரப்பர் கம்பெனிக் காலண்டர் ஒன்று தொங்கும். பனி பெய்கிற ஊரில் ஒரு வெள்ளைக்காரனும் அவன் மனைவியும் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற படம். அதைப் பார்த்துத்தான் இவருக்கு விளங்கியிருக்கிறது.

"துரைமாற்றை ஊரிலை குளிரை ஆரும் குறைக்கிறேல்லை. நெருப்புப் போட்டுக்கொண்டு குளிருக்குள்ளை இருப்பினம். அதுதான் முறை. கரிச்சட்டி ஒண்டு வையும்."

வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும். வெளியே வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது. உள்ளே செலண்டார்க் காட்டின் நடுவில் இங்கிலாந்து நடந்துகொண்டிருந்தது. கம்பளிக் கோட்டு, காலுறை, கழுத்தில் மஃப்ளர், தலைமாட்டில் கடகடவென்று குளிர்ப்பெட்டி, கால்மாட்டில் கணகணவென்று கரிச்சட்டி. பாத்திரம் கழுவ வந்த காளியம்மா எட்டிப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னம்மா, கிராணி ஐயா புள்ள பெத்திருக்காரா? சட்டி வெச்சு அனல் காட்டுறீங்க?"

அவள் சொன்னதில் தப்பில்லை. லயத்தில் பிள்ளை பெற்றவளுக்குக் கரிச்சட்டி வைப்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. லயத்துச் சுவர்களில் அவ்வளவு ஓட்டை.

முதல் நாளே இவருக்குத் தலையிடி, வாந்தி. சட்டியை எடுக்க உள்ளே போனபோது எனக்கும் தலை சுற்றியது. சுவரைப் பிடிக்கப் போய், பெட்டியின் பக்கத்தில் அந்தத் தகட்டுக்கு நேராக முகம் போனது. வெளிக்காற்று மூக்கில் பட்டதும் தெளிந்துவிட்டது. அப்போது எனக்குப் பாச்சாங் மெக்கானிக்கின் குரல் கேட்டது. செத்த காற்று என்று அவர் சொன்னது இதைத்தான். நான் இவரிடம் சொன்னேன்.

"உந்தச் சட்டியாலைதான் தலையிடிக்குது."

"உம்மடை கத்தரிக்காயாலை."

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஒருமுறை சொன்னால் என் கடமை தீர்ந்தது. அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை.

இப்போது மேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மத்தியானம் அறையின் ஈரம் போகட்டும் என்று கரிச்சட்டியைக் கொண்டுபோய் உள்ளே வைத்தேன். மேஜர் உள்ளே படுத்திருந்தது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தகட்டில் ஈரத்துணியைத் திணித்திருந்தேன். கதவைச் சாத்திவிட்டு மீன் கழுவப் போனேன். கழுவி, மிளகாய் தடவி, பொரித்து முடித்துவிட்டு வந்து கதவைத் திறந்தேன். படுத்த இடத்தில் படுத்தபடியே இருந்தது. கதவைப் பிராண்டவில்லை, நுரை தள்ளவில்லை, காலை உதைக்கவில்லை. நான் பயந்தது அதற்குத்தான். ஒரு உயிர் துன்பப்படுவதைப் பார்க்க எனக்கு முடியாது. துணியை எடுத்துவிட்டு, சட்டியை வெளியே வைத்தேன். சாயங்காலம் இவர் நாயைக் கட்டிப்பிடித்து அழுதார். வயசு போன நாய்தானே என்று நான்தான் ஆறுதல் சொன்னேன். என் தாய் செத்துத் தந்தி வந்த நாளில் அவர் அழவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் தாய் துரை வீட்டிலிருந்து வந்தவள் இல்லை.

அடுத்த சனிக்கிழமை காளியம்மாவிடம் கொஞ்சம் பால் கேட்டேன். அவள் பால்மரம் சீவுகிறவள்.

"எதுக்கும்மா?"

"செருப்பு பிஞ்சுபோச்சு."

"அதுக்கென்ன, மண்டோர் கண்ணுல படாம ஒரு கோப்பை எடுத்தாந்துர்றேன்."

கொண்டுவந்தாள். செருப்பை ஒட்டினேன், உண்மையாகவே ஒட்டினேன், இதோ காலில் இருக்கிறது. மீதிப் பால் இறுகிக் கெட்டுப்போகும் முன் ஒரு கோழி இறகால் தொட்டு, பெட்டிக்கு வெளிப்புறம் போய்த் தகட்டை மூடி, அதைச் சுற்றித் தடவினேன். ஒரு பூச்சுக் காய்ந்ததும் இன்னொரு பூச்சு. இருளாண்டி பூசினதைவிட ஒழுங்காக வந்திருந்தது. கொடுத்த பாலைப் பற்றிக் காளியம்மாவுக்கு இதுவரை ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்கு அது செருப்புப் பால்.

இருளாண்டி இதில் வந்து மாட்டிக்கொண்டது அவன் வாயால். மைத்துனன் கல்யாணத்துக்கு மெர்லிமாவ் போக அவனுக்கு முள்கம்பி வாசலில் காட்டுகிற பாஸ் வேண்டியிருந்தது. இவர் எழுதித் தரவில்லை. கல்யாண வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக் காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோவான் என்றார். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கள்ளுக்கடையில் இருளாண்டி எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை காளியம்மாவே வந்து தலையைச் சொறிந்துகொண்டு சொன்னாள்.

"அந்தக் குளிர்ப்பொட்டிக்குள்ளயே கெடந்து சாவப்போறாரு பாருன்னு உளறிட்டான்மா. ஐயா காதுல விழுந்தா மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லுங்க. கள்ளு பேசிச்சு, அவன் பேசல."

நான் இவரிடம் சொல்லவில்லை. கேட்டபோது எனக்கு ஒரு சின்ன நிம்மதி மட்டும் வந்தது. மழை வரும் என்று நினைத்த நேரத்தில் யாரோ குடையைக் கொண்டுவந்து மூலையில் சாத்திவிட்டுப் போனதுபோல. குடையை நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி. நன்றாகச் சாப்பிட்டார். கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தார். நான் கரிச்சட்டியைக் கால்மாட்டில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"இஞ்சேரும், நெருப்புக் காணாது. இன்னும் கொஞ்சம் போடும்."

போட்டேன்.

"கதவைச் சாத்தும். குளிர் போகுது."

சாத்தினேன்.

ஒரு மனிதன் கடைசியாகச் சொன்ன இரண்டு சொல்லையும் அவன் மனைவி தட்டாமல் செய்தாள். இப்படி எத்தனை மனைவிமாரைப் பற்றிச் சொல்ல முடியும்? நான் முன்கூடத்தில், இதே இடத்தில் உட்கார்ந்து அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். இனி அந்தச் சட்டையை யார் போடுவது என்று பாதியில்தான் தோன்றியது. ஆனாலும் தைத்து முடித்தேன். பெட்டி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. செம்பாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு பார்த்தேன், செம்புதான்.

தேத்தண்ணி போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். சட்டியை வெளியே எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன், லயம்வரை கேட்டதாம்.

செத்த வீட்டில் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். முகம் அவ்வளவு சிவப்பாக, அவ்வளவு மலர்ச்சியாக இருந்தது. உயிரோடு இருந்தபோது அவர் அப்படி ஆரோக்கியமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"என்ன களை, என்ன களை. புண்ணியவான்," என்று குலம் மாஸ்டர் கண்ணைத் துடைத்தார்.

மலாக்காவிலிருந்து வந்த வெள்ளைக்கார டாக்டர்தான் அந்தக் களையைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். கரிப்புகை என்றார். நீங்கள் வந்தீர்கள். தகட்டைச் சுற்றிப் புதுப் பால் பூசியிருப்பதைக் கண்டீர்கள். தோட்டத்தில் பெட்டியைத் தொட்டவன் யார், பால் பூசத் தெரிந்தவன் யார், சாவான் என்று கத்தியவன் யார் என்று கேட்டீர்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே பெயர் வந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு வேலை முடிந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. பெட்டியைக் கழுவியது யார், வெடிப்பில் பால் பூசியது யார், கரி போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிய கிராணியார் மனைவி பெட்டியைத் தொடுவாள் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. கேட்கப்படாததற்கு நான் பொறுப்பில்லை.

துரை வந்து என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். புதுக் கிராணி வரும்வரை வீட்டில் இருக்கலாமாம். ஊருக்குப் போகும்போது குளிர்ப்பெட்டியை நினைவாக எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் எங்கள் கிராமத்துக்கு மின்சாரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. வாயை முந்தானையால் மூடிக்கொண்டேன், அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனார். இப்போது தினமும் அந்த அறையில் உட்காருகிறேன். தாலிக்கொடியைக் கழற்றியபின் கழுத்து வெறுமையாக இருந்தது. குமிழை ஒரு நூலில் கோத்து ரவிக்கைக்குள்ளே போட்டிருக்கிறேன். நீங்கள் தேத்தண்ணியை உறிஞ்சும்போது அது என் நெஞ்சில் லேசாகக் குளிர்கிறது.

விடியற்காலையில் காளியம்மா வந்து என் காலைப் பிடித்தாள்.

"அம்மா, அந்த மனுசன் குடிச்சா உளறுவான், குடிக்காட்டித் தூங்குவான். ஆளைக் கொல்ற அளவுக்கு அவனுக்கு ஏதும்மா சுறுசுறுப்பு? ஐயாதான் அந்தத் தகட்டையும் அடைக்கச் சொன்னாருன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. விட்டுருவாங்களாம். நாளைக்குக் கப்பல்ல ஏத்திட்டா நான் எங்க போயித் தேடுவேன்?"

"பாப்பம்," என்றேன். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்கவில்லை.

இப்போது நீங்கள் கோப்பையைக் கீழே வைக்கிறீர்கள். தொண்டையைக் கனைக்கிறீர்கள்.

"அம்மா, சுத்தி வளைக்காமக் கேக்குறேன். அந்தக் காத்துத் தகடு. அறையை அடைக்கச் சொன்னது உங்க வீட்டுக்காரர்தான்னு ஊருக்கே தெரியும். அதேமாதிரி இந்தத் தகட்டையும் அடைக்கச் சொன்னாரா? சொல்லியிருந்தார்னா, அவன் சொன்னதைச் செஞ்ச கூலிக்காரன். கொலையே இல்ல, அசம்பாவிதம். நான் சாயங்காலமே அவனை வீட்டுக்கு அனுப்பிருவேன்."

வாசற்படியில் காளியம்மாவின் முதுகு நிமிர்கிறது.

"இருளாண்டி என்ன சொல்லுறான்?" என்று கேட்கிறேன்.

"நான் பூசவே இல்லங்கிறான். பயத்துல சொல்றான். அதைக் கணக்குல எடுக்க வேணாம். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. செத்தவருக்கு இனிமே அதால என்ன நஷ்டம்?"

நல்ல மனிதர் நீங்கள். பதிலையும் கையில் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறீர்கள். நான் யோசிக்கிறேன். அவசரப்படாமல், முறையாக. கப்பல் பயணம் ஒன்றும் அவ்வளவு கெட்டதில்லை. நானும் கப்பலில்தான் வந்தேன். கடற்காற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். அதை விட்டுவிட்டு உங்கள் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தகட்டை அடைக்கச் சொன்னாரா? சொல்லவில்லை. அடைத்தது நான். கரியைப் போட்டது நான், கதவைச் சாத்தியது நான், திறக்காமல் இருந்தது நான். அவர் பெரிய மனிதர் என்று காட்டிக்கொண்டார், துரைக்கு வால் பிடித்தார், நாயை மதித்த அளவு என்னை மதிக்கவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் அந்தத் தகட்டை அவர் தொடவில்லை.

"இல்லை," என்கிறேன். "அவர் சொல்லேல்லை."

"நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்கம்மா. நீங்க குசினியில இருந்த நேரத்துல சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்னு சொன்னாக்கூட எனக்குப் போதும்."

வாசலில் காளியம்மா எழுந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நானும் அவளைப் பார்க்கிறேன். பார்வையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்த வேண்டிய காரியம் எதையும் நான் இப்போது செய்யவில்லை.

"என்னை அப்பிடிச் சொல்லச் சொல்லாதேங்கோ, தம்பி," என்கிறேன். "செத்துப்போன மனிசன்ரை தலையிலை பொய்ப்பழி போட எனக்கு மனம் வராது."